கேமரா வாங்குவதற்கு முன் கதவின் நிலைச் சட்டத்தைப் பாருங்கள்

இரண்டு வீடு தள்ளி போன வாரம் பட்டப்பகலில் கதவை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள். பள்ளியிலிருந்து மகள்தான் முதலில் வீடு திரும்புகிறாள். ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்து நான்கு கேமரா, ஒரு சைரன், கைப்பேசிச் செயலி எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். ஒதுக்கி வைத்திருக்கும் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். "இதை வாங்கலாமா, பூட்டை மட்டும் மாற்றினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அடுத்தது நம் வீடுதானோ என்ற பயமும், இருக்கிற பணத்தை எதில் முதலில் போடுவது என்ற குழப்பமும்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன என்று தோன்றுகிறது. அந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கதவு, பூட்டு பொருத்துவது என் தொழில். திருட்டு நடந்த வீடுகளுக்கு மறுநாள் போய் உடைந்த கதவைச் சரிசெய்யும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். பிறகு வீட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் பயிற்சியும் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் கதவுக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் அந்தப் பயம். அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான விஷயம். திருடியவனுக்கு அந்தத் தெரு பழகிவிட்டது. எந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, எந்தப் பக்கமாக ஓடலாம் என்று தெரிந்துவிட்டது. ஒரே சமயத்தில் கட்டிய வீடுகள் என்றால் பக்கத்து வீட்டிலும் அதே கதவு, அதே பூட்டு, அதே அறை அமைப்பு. 1980களின் நடுவில் வட இங்கிலாந்தில், ராச்டேல் நகரத்தின் கிர்க்கோல்ட் குடியிருப்பில் இதை அடிப்படையாக வைத்தே ஒரு திட்டம் நடத்தினார்கள். எல்லா வீட்டையும் பாதுகாக்க முயலாமல், திருட்டுக்கு ஆளான வீட்டை உடனே பலப்படுத்தினார்கள். அதைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் "ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். திருடர்கள் குறிவைத்துவந்த, வீட்டு மின்சாரம், எரிவாயுவுக்குக் காசு போட்டு இயங்கும் மீட்டர்களையும் அகற்றினார்கள். சில மாதங்களிலேயே திருட்டு பெருமளவு குறைந்தது. ஆகவே இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது சரியான உணர்வு. இந்த ஆபத்து நாளாக ஆகக் குறைந்துவிடும் என்பதும் அதே அளவு உறுதி. இப்போதைய பயத்திலேயே வருடக்கணக்கில் வாழ வேண்டியதில்லை.

வருகிறவன் யார் என்று தெரிந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும். வாரக்கணக்கில் திட்டம் போட்டு, நுணுக்கமான கருவிகளுடன் வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாதாரண வீடுகளுக்கு வருபவர்களில் அவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவன் தெருவில் நடந்துகொண்டே நோட்டம் விடுகிறான். உள்ளே ஆள் இருக்கிறதா என்பதுதான் அவன் முதல் கேள்வி. அழைப்பு மணியை அடிப்பான். யாராவது வந்தால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போய்விடுவான். யாரும் வராவிட்டால் பக்கவாட்டில் போய் மறைவான கதவையோ ஜன்னலையோ தள்ளிப் பார்ப்பான். பகலில் திருட்டு நடப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கலாம், ஆனால் வீடு காலியாக இருப்பது பகலில்தானே. சிறையில் இருக்கும் திருடர்களிடம் பேட்டி எடுத்தும், மாதிரி வீடுகளில் அவர்களை நடக்கவிட்டும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் கிளேர் நீ போன்றவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பழகிய திருடன் யோசித்து யோசித்து முடிவெடுப்பதில்லை, பழக்கத்தில் கால்கள் தாமாகவே நகர்கின்றன என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவர்களின் படுக்கையறைக்குத்தான் முதலில் போகிறான். சில நிமிடங்களில் வெளியேறிவிடுகிறான். அவன் பயப்படுவது மூன்றுக்கு: யாராவது பார்த்துவிடுவது, சத்தம் கேட்டுவிடுவது, நேரம் இழுத்துவிடுவது. இந்த மூன்றில் எதைக் கூட்டுகிறது என்று கேட்டுப் பார்த்துத்தான் எந்தப் பொருளையும் வாங்க வேண்டும்.

இனி கதவு. இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். மறுநாள் காலை நான் போய்ப் பார்க்கும் வீடுகளில், பூட்டு பெரும்பாலும் கெடாமல் அப்படியே இருக்கும். சாவி போட்டால் திரும்பும், நாக்கு வெளியே வரும், உள்ளே போகும். உடைந்திருப்பது நிலை, அதாவது கதவைத் தாங்கும், சுவரில் பதித்த சட்டம். பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடு பிய்ந்து தரையில் கிடக்கும். அதில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்துப் பார்த்தால் விரலின் ஒரு கணு நீளம்கூட இருக்காது. நுனியில் கொஞ்சம் மரத்தூள். நிலைக்கால் நீளவாக்கில் விரிந்து, உள்பக்கம் புது மரத்தின் நிறம் தெரியும். வெளியே கதவில் ஒரு செருப்புத் தடம் இருக்கும், அல்லது பூட்டுக்கு மேலும் கீழும் கடப்பாரை நுனி அழுந்திய பள்ளம் இருக்கும். விலை உயர்ந்த பூட்டை வாங்கிய வீட்டிலும் இதே காட்சிதான். ஏனென்றால் உதைக்கும் வேகம் முழுவதும் அந்தத் தகட்டின் மீதுதான் போய் இறங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள்.

இன்று மாலையே உங்கள் கதவைத் திறந்துவைத்து நிலையில் அந்தத் தகட்டைப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி நீளத்தை அளந்து பாருங்கள். 18, 20 மில்லிமீட்டர் என்றால் அது மரச் சட்டத்தின் மேற்பரப்பை மட்டுமே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நிலைக்குப் பின்னால் மரத்தூண் இருந்தால் 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டு அதுவரை இறக்க வேண்டும். பின்னால் செங்கல்லோ கான்கிரீட்டோ என்றால் சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது, சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் ஆங்கர் தேவை. தகடும் நீளமாக, தடிப்பான எஃகில் இருந்தால் உதையின் வேகம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். நிலை சுவரோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே நின்று, பூட்டுக்குப் பக்கத்தில் தோளால் அழுத்துங்கள். கதவோடு சேர்ந்து நிலையும் அசைந்தாலோ, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி விரிந்தாலோ, எந்தப் பூட்டும் அதற்கு மேல் உதவாது. இந்த வேலைக்கு ஆகும் செலவு, விற்பனையாளர் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குகூட இராது. கதவுப் பலகையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் வைத்துச் செய்த கதவுகள் அறைகளுக்கு நடுவே போடுவதற்கானவை. வாசலுக்கு அடர்த்தியான மரமோ உலோகமோ வேண்டும்.

பூட்டில் கவனிக்க வேண்டியது, கதவைச் சாத்தியதும் தானாக விழுந்துகொள்ளும் சாய்வான நாக்கு மட்டும்தான் இருக்கிறதா என்பதை. அது ஸ்பிரிங்கில் இயங்குவது. வளையும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் செருகித் தள்ளினால் பின்வாங்கிவிடும். சாவியைத் திருப்பினால்தான் நகரும், சதுரமாக முடியும், தள்ளினால் பின்னால் போகாத நாக்கு வேண்டும். டெட்போல்ட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். நாக்கு குறைந்தது 20 மில்லிமீட்டர் வெளியே நீள வேண்டும், 25 இருந்தால் இன்னும் நல்லது. இப்போதே அப்படிப்பட்ட பூட்டு இருந்தும், அவசரத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மட்டும் போகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அது இல்லாததற்குச் சமம். இருபுறமும் சாவி போடும் நீண்ட சிலிண்டர் பூட்டு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சிலிண்டரின் நடுவில், அதைப் பொருத்தும் ஸ்க்ரூ போகும் இடம் மிக மெல்லியது. வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிட முடியும். தகட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் அமர்ந்திருக்க வேண்டும். ஒடித்தாலும் உள்பகுதி காப்பாற்றப்படும் வகையில் செய்த சிலிண்டர்கள் இப்போது கிடைக்கின்றன.

கள்ளச்சாவி போட்டோ கம்பி விட்டோ பூட்டைத் திறந்துவிடுவார்களோ என்று பலரும் கேட்பார்கள். திறக்க முடியும் என்பதில் ஐயமில்லை. 1851இல் லண்டன் உலகக் கண்காட்சியின்போது, ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக் கலைஞர், சாவியில்லாமல் திறக்கவே முடியாது என்று பேர்போன சப் (Chubb) நிறுவனத்தின் பூட்டை ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பல பத்தாண்டுகளாக யாரும் திறக்காத பிராமா (Bramah) நிறுவனத்தின் பூட்டுக்கு அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. ஆனால் வெயிலில் தெருவைப் பார்த்தபடி குனிந்து நின்று பூட்டைக் குடைந்துகொண்டிருக்க வீட்டுத் திருடனுக்குப் பொறுமையும் கிடையாது, தேவையும் கிடையாது. காலால் உதைத்தால் திறக்கும் நிலை இருக்கும்வரை அவன் ஏன் குடையப் போகிறான்? அதனால்தான் பூட்டின் நுணுக்கத்தைவிட நிலையின் பலத்தை முன்னால் வைக்கிறேன். கொண்டியில் மாட்டும் தொங்கு பூட்டு உங்கள் வாசலில் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அதன் வளையம் கட்டருக்கு எட்டும். கொண்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் வெளியிலிருந்தே தெரிந்தால் பூட்டைத் தொடாமலே கழற்றிவிடலாம். எல்லாவற்றையும்விட, வீட்டில் யாரும் இல்லை என்று தெருவில் போகிற எல்லோருக்கும் அது சொல்லிக்கொண்டிருக்கும்.

வாசல் கதவைப் பலப்படுத்திவிட்டுப் பின்கதவை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பின்பக்கம் மறைவாக இருப்பதால் அங்கே அவனுக்கு அவகாசம் அதிகம். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கீல்களின் ஆணி வெளியே தெரியும்; அதைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டு இருக்கும்போதே கதவு கழன்று வரும். கீல் பக்கத்திலும் கதவிலிருந்து நிலைக்குள் புகும் எஃகு முளை இரண்டு பொருத்திவிட்டால் அந்த வழி அடைபடும். ஸ்லைடிங் கதவுகளும் ஜன்னல்களும் பல சமயம் கொக்கியை உடைக்காமலே, மேலே தூக்கிச் சேனலிலிருந்து கழற்றப்படுகின்றன. மேல் சேனலில் தூக்க இடம் விடாதபடி ஸ்க்ரூ போடலாம். கீழ்ச் சேனலில் அளவாக வெட்டிய தடியோ கம்பியோ வைத்தால் நகராது. கண்ணாடியைப் பொறுத்தவரை இரண்டு வகையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்து யாருக்கும் பெரிய காயம் ஆகாமல் காப்பது. கூர்மையான முனையால் ஓரத்தில் தட்டினால் மொத்தமும் கொட்டிவிடும், வழி திறந்துவிடும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. விரிசல் விழுந்தாலும் பிரேமிலேயே நிற்கும், துளை போட வெகுநேரம் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், தெருவுக்கே சத்தம் கேட்கும். பூட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி இருக்கும் கதவுக்கு இதுதான் பொருத்தம்.

இரும்புக் கிரில் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும். எல்லா ஜன்னலையும் நிரந்தரமாகக் கம்பி போட்டு அடைத்துவிட்டு, வாசலில் உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை வைத்துவிடுகிறார்கள். தீ பிடித்தால் புகையில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. திருடன் வராமல் போகவும் கூடும், தீக்கு அப்படி உத்தரவாதம் எதுவும் இல்லை. படுக்கையறைகளில் குறைந்தது ஒரு கிரிலாவது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்கட்டும். வாசல் பூட்டு உள்பக்கம் கையால் திருப்பும் வகையாக இருக்கட்டும். பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திருப்பிவிடுவார்களே என்றால், அதற்கு மருந்து அந்தக் கண்ணாடியை மாற்றுவது. சாவியைப் பூட்டிலிருந்து எடுத்து ஒளித்து வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கதவும் ஜன்னலும் பலமாக இருந்தால் உண்மையிலேயே திருட்டு குறைகிறதா, வெறும் நம்பிக்கைதானா என்று கேட்டால், நெதர்லாந்து நல்ல சான்று. அங்கே 1999 முதல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளிலும் உடைக்கக் கடினமான கதவு, ஜன்னல் கட்டாயம் என்று விதி வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கட்டிய வீடுகளை ஒப்பிட்டு ஃபோலார்ட், வான் அவர்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். புது வீடுகளில் ஆண்டுக்கு 1.1 விழுக்காடாக இருந்திருக்க வேண்டிய திருட்டு 0.8 விழுக்காடாகக் குறைந்தது, அதாவது ஏறக்குறைய கால் பங்கு குறைவு. திருடர்கள் பழைய வீடுகளுக்குத் திரும்பிவிட்டதற்கான அறிகுறியும் இல்லை. வீட்டாரின் பழக்கமோ வசதியோ மாறாமல், கட்டடம் மாறியதால் மட்டுமே வந்த பலன் என்பதால் நான் இதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன். கால் பங்குதான் குறைந்தது, முழுவதும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் கதவுகளைத் தரம் பிரிக்கும் ஈஎன் 1627 என்ற நியமத்தில், ஆர்சி 2 தரத்துக் கதவு ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, ஆப்பு போன்ற சாதாரணக் கருவிகளை 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரையையும் சேர்த்து 5 நிமிடம். தரச்சான்று பெற்ற கதவுக்கே அவர்கள் உறுதி சொல்வது இந்தச் சில நிமிடங்களுக்குத்தான். ஒரு தெருத் திருடனுக்கு அந்த 3 நிமிடம் மிக நீண்டது.

இப்போது நீங்கள் கேட்ட அந்தத் தொகுப்புக்கு வருகிறேன். இங்கே உறுதி குறைந்து சந்தேகம் கூடுகிறது. அலாரம் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் மூன்று மாநிலச் சிறைகளில் இருந்த 422 திருடர்களிடம் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்தைச் சேர்ந்த குழு கேட்டது. 83 விழுக்காட்டினர் அலாரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார்கள். 60 விழுக்காட்டினர் இருந்தால் வேறு வீடு பார்ப்போம் என்றார்கள். அலாரம் விற்பவர்கள் எடுத்துச் சொல்வது இதைத்தான். இன்னொரு பக்கம், இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பின் பல ஆண்டுத் தகவலை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, அலாரம் மட்டும் வைத்திருந்த வீடுகளுக்கு அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று காட்டியது. ஜன்னல் பூட்டு, டைமரில் எரியும் உள்விளக்கு, கதவுக்கு டெட்லாக் (டெட்போல்ட் போலத் தள்ளினால் பின்வாங்காத பூட்டு), ஆள் வந்தால் எரியும் வெளிவிளக்கு ஆகிய நான்கும் சேர்ந்த வீடுகள்தான் நன்றாகத் தப்பித்தன. இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? சிறையில் இருப்பவன் பேட்டியில் சொல்வது வேறு, தெருவில் செய்வது வேறு என்றிருக்கலாம். அலாரம் வைக்கும் வீடுகள் வசதியானவை, அதனாலேயே கண்ணில் படுபவை என்றும் இருக்கலாம். அடிக்கடி காரணமில்லாமல் அலறும் சைரனை அக்கம்பக்கத்தார் காதில் வாங்காமல் விட்டுவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். என் கணிப்பு இது: சைரன் அடித்தால் உடனே எட்டிப் பார்க்க ஒரு மனிதர் இருக்கும் வீட்டுக்கு அலாரம் பயன்படும், பலமான கதவோடு சேர்ந்தால் இன்னும் பயன்படும். உதைத்தால் திறக்கும் கதவில் மாட்டிய அலாரம், திருடன் உள்ளே வந்த பிறகு அடிக்கும்.

அலாரம் வாங்கினால் சென்சார் வைக்கும் இடத்தை நீங்களே தீர்மானியுங்கள். உடலின் வெப்பத்தை உணரும் சென்சாருக்கு ஜன்னல் கண்ணாடி சுவர் மாதிரி. வீட்டுக்குள் வைத்து வெளியே பார்க்கும்படி திருப்பினால் வேலை செய்யாது. உங்கள் படுக்கையறைக்குப் போகும் வழியைப் பார்த்தபடி ஒன்று இருந்தால், ஜன்னல் எத்தனை இருந்தாலும் உள்ளே வந்தவன் அதைக் கடந்துதான் ஆக வேண்டும்.

கேமராவைப் பற்றிச் சொன்னால், நடந்ததைப் பிறகு பார்க்க அது உதவும் என்பது உறுதி. திருட்டைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பலன் தெரிந்த அளவுக்குக் குடியிருப்புகளில் தெரியவில்லை. தொப்பியும் முகமூடியும் போட்டவனை 4 கேமராவில் 4 கோணத்தில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. எட்டாத உயரத்தில் மாட்டிய கேமரா தலையின் உச்சியைத்தான் படம் பிடிக்கும். ஒன்றே ஒன்று வாங்குங்கள், வாசலில், மணியடிக்க வருபவரின் முகத்துக்கு நேராக. அழைப்பு மணியோடு சேர்ந்த வகை என்றால், நீங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே "யார்?" என்று கேட்க முடியும். ஆள் இருக்கிறதா என்ற அவனுடைய முதல் கேள்விக்கே அது பதிலாகிவிடும். வீட்டு வாசலுக்குக் கேமரா என்ற எண்ணமே இந்த மாதிரிக் கவலையில் பிறந்ததுதான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நேரம்காலம் இல்லாமல் வேலை பார்த்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், தனியாக இருக்கும்போது வாசலில் நிற்பது யார் என்று பார்ப்பதற்காகத் தன் கணவரோடு சேர்ந்து 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. வாங்கிய அன்றே கேமராவோடு வரும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். படுக்கையறையிலோ மகளின் அறையிலோ கேமரா வேண்டாம்.

அதிகச் செலவில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் வெவ்வேறு நேரத்தில் எரிந்து அணையும் டைமர் விளக்கு ஒன்று, ஏதாவது ஒரு குரல் கேட்கும்படி ரேடியோ. தொட்டிக்கு அடியிலோ மிதியடிக்கு அடியிலோ சாவி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அவன் தேடும் முதல் இடங்கள் அவை. சாவிக்கொத்தைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், ஏறக்குறைய 60 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டு நகல் செய்து காட்டினார்கள். ஊருக்குப் போகும் செய்தியைத் திரும்பி வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். பின்பக்கம் ஏணி, மண்வெட்டி, உளி எதையும் வெளியே விடாதீர்கள். பல வீடுகள் அந்த வீட்டுக் கருவிகளாலேயே திறக்கப்பட்டிருக்கின்றன. நகையும் பத்திரமும் படுக்கையறை அலமாரியில் இருந்தால் அவன் முதலில் போகும் இடத்திலேயே வைத்திருக்கிறீர்கள். லாக்கர் வாங்கினால் தரையோடோ சுவரோடோ போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தீயைத் தாங்குவதற்கென்று செய்த பெட்டி வேறு, திருடனைத் தாங்கும் பெட்டி வேறு என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

மகளைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது, எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுவே. வீடு திரும்பும்போது கதவு திறந்திருந்தாலோ, நிலை சிதைந்திருந்தாலோ, ஜன்னல் கண்ணாடி கீழே கிடந்தாலோ உள்ளே போகவே கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவும் கூடாது. நேராக இன்ன வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு வீட்டை இப்போதே பேசி வையுங்கள். அங்கிருந்து முதலில் போலீஸுக்கு, பிறகு உங்களுக்கு. அவள் உள்ளே இருக்கும்போது யாராவது மணியடித்தால், கதவைத் திறக்காமல், ஆனால் வீட்டில் ஆள் இருப்பது தெரியும்படி சத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும். பயந்துகொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தால் வீடு காலி என்று நினைத்து அவன் உடைக்கத் தொடங்கக்கூடும். பெரும்பாலானவன் ஆள் இருக்கும் வீட்டை விரும்புவதில்லை. அப்படியும் எவனாவது உள்ளே வந்துவிட்டால் எதிர்க்க வேண்டியதில்லை, அவன் வெளியேறும் வழியை மறிக்கவும் வேண்டாம். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு போன் செய்ய வேண்டும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும். திருடனைத் தாக்கலாமா, எதுவரை தற்காப்பு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும் சட்டம்; அதை உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் கேளுங்கள், பூட்டு வேலை செய்பவனிடம் கேட்கக் கூடாது. இவற்றை ஒருமுறை சொல்லி விட்டுவிடாமல், அவளோடு வாசலில் நின்று நடித்தே பாருங்கள். பயமுறுத்தும் குரலில் வேண்டாம், தெருவைக் கடக்கக் கற்றுக்கொடுத்த அதே நிதானத்தில்.

திருட்டு நடந்த வீட்டாரிடமும் போய்ப் பேசுங்கள். எந்தப் பக்கமாக வந்தான், எதை உடைத்தான் என்று தெரிந்தால் உங்கள் வீட்டில் எதை முதலில் பார்ப்பது என்பது தெரியும். அவர்களுக்கும் யாராவது வந்து உட்கார்ந்து பேசினால் ஆறுதலாக இருக்கும். பொருள் போனதைவிட, வேற்று ஆள் தங்கள் அறையில் நடமாடினான் என்பதுதான் பலரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கிறது. அவர்கள் இன்னும் நிலையை மாற்றாமல் பழைய இடத்திலேயே புதுப் பூட்டை மாட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை என் வரிசை இது: இந்த வாரம் வாசல், பின்கதவு இரண்டின் நிலையும் தகடும் ஸ்க்ரூவும், அதன் பிறகு டெட்போல்ட், பிறகு ஜன்னல் கொக்கிகளும் வெளிவிளக்கும், மிச்சம் இருந்தால் வாசலுக்கு ஒரு கேமரா, அதற்கும் மேல் இருந்தால் மட்டும் அலாரம். விற்பனையாளரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்குள் வாங்கினால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினால், அதற்காகவே மறுத்துவிடலாம். உங்கள் நிலை மரமா, உலோகமா, அதன் பின்னால் செங்கல்லா, மரத்தூணா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கழற்றிப் பார்த்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். எந்த ஆங்கர், எத்தனை இடத்தில் போட வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.